சாரா பெர்னார்: வாழ்வும் நடிப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சவப்பெட்டியில் படுத்துப் படம் எடுத்துக்கொண்டவர், ஒற்றைக் காலோடு மேடையேறியவர். பிரெஞ்சு நடிகை சாரா பெர்னாரைப் பற்றி இந்த இரண்டைத்தான் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அவர் எப்படி நடித்தார், அந்தக் குரலில் அப்படி என்ன இருந்தது, இன்று மிச்சமிருக்கும் படங்களிலும் ஒலிப்பதிவுகளிலும் எதைக் கவனிப்பது என்று கேட்போருக்கான பக்கம் இது. நாடகம் பயில்பவர்களை மனதில் வைத்து எழுதியது. வம்புக் கதைகளுக்கும் கொஞ்சம் இடம் உண்டு, ஏனென்றால் அவையும் அவருடைய தொழிலின் ஒரு பகுதி.

சாரா பெர்னார் எப்போது, எங்கே பிறந்தார்? ஆளுக்கொரு தேதி சொல்கிறார்களே?

பாரீஸில், 1844 அக்டோபரில். 22 என்பாரும் உண்டு, 23 என்பாரும் உண்டு. 1871-இல் பாரீஸ் கம்யூன் கலவரத்தில் நகர மன்றக் கட்டடம் எரிந்தபோது பிறப்புப் பதிவேடுகளும் சாம்பலாயின. அதனால் இந்தச் சிக்கல் தீரப்போவதில்லை. தாய் ஹாலந்திலிருந்து வந்த யூதப் பெண். பணக்கார ஆண்களின் ஆதரவில் வாழ்ந்தவர். தந்தை யார் என்பது உறுதியாகவில்லை. பிள்ளைப் பருவத்தில் பிரித்தானி பகுதியில் ஒரு செவிலித்தாயிடம் வளர்ந்தார். பிறகு வெர்சாயில் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தார். கன்னியாஸ்திரி ஆக நினைத்த பெண்ணை நாடகப் பள்ளிக்கு அனுப்பலாம் என்று யோசனை சொன்னவர் மோர்னி பிரபு. அவர் பேரரசர் மூன்றாம் நெப்போலியனுக்குத் தாய் வழியில் சகோதரர் (தந்தை வேறு), அந்த வீட்டுக்கு வந்துபோகிறவர். 1860-இல் பாரீஸ் கன்சர்வத்வாரில் சேர்ந்தார்.

முதல் மேடையே வெற்றியா?

இல்லை. 1862-இல் கொமேதி ஃப்ரான்சேஸ் அரங்கில் ராசினின் 'இஃபிஜெனி' நாடகத்தில் அறிமுகமானார். மேடைப் பயம் ஆளை விழுங்கிவிட்டது. விமர்சகர்கள் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு ஜனவரியில், நாடகாசிரியர் மொலியேரின் பிறந்தநாள் விழாவில், தன் தங்கையைப் பிடித்துத் தள்ளிய மூத்த நடிகை ஒருவரைக் கன்னத்தில் அறைந்தார். மன்னிப்புக் கேட்க மறுத்தார். பிரான்சின் முதன்மை அரங்கிலிருந்து வெளியேற வேண்டியதாயிற்று.

உண்மையான தொடக்கம் 1866-க்குப் பிறகு, ஒதேயோன் அரங்கில். அங்கே மாணவர் கூட்டம் அதிகம், கட்டணம் குறைவு, பழமைவாதமும் குறைவு. 1869 ஜனவரியில் ஃபிரான்ஸ்வா கொப்பே எழுதிய 'லெ பஸ்ஸான்' என்ற ஓரங்க நாடகத்தில் ஜானெட்டோ என்ற நாடோடிப் பாடகச் சிறுவனாக நடித்தார். அதுதான் அவரைப் பேசவைத்தது. பிரஷ்யாவுடனான 1870 போரில் பாரீஸ் முற்றுகையிடப்பட்டபோது அதே ஒதேயோனைக் காயம்பட்ட வீரர்களுக்கான மருத்துவமனையாக மாற்றி நடத்தினார். 1872-இல் விக்டர் ஹியூகோவின் 'ருய் ப்ளா'வில் ஸ்பெயின் அரசியாக நடித்த பிறகு, வெளியே போகச் சொன்ன கொமேதி ஃப்ரான்சேஸே அவரைத் திரும்பக் கூப்பிட்டது.

'பொற்குரல்' என்கிறார்கள். குரல் அவ்வளவு பெரியதா?

பெரிய குரல் கிடையாது. மெல்லிய உடல்வாகு, அடிக்கடி நோய்ப்படும் நுரையீரல். சத்தத்தை வைத்து அரங்கை நிரப்பும் வசதி அவருக்கு இல்லை. செய்தது வேறு மாதிரி. பல வரிகளைக் கிட்டத்தட்ட ஒரே சுருதியில், வேகமாக, ஓதுவதுபோல் கொண்டுபோவார். கேட்பவரின் காது அந்த ஒற்றைச் சுருதிக்குப் பழகிய நேரத்தில், ஒரே ஒரு சொல்லைக் கீழே இறக்குவார், அல்லது உடைப்பார். உச்சக்கட்டத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு சொற்களை வெளியே தள்ளுவதும் உண்டு. அவரைப் பிடிக்காதவர்கள் 'ஒரே ராகம்' என்று குறை சொன்னதும் இதைத்தான், பிடித்தவர்கள் மயங்கியதும் இதில்தான்.

இதற்கு அடிப்படை பிரெஞ்சுச் செய்யுளின் கட்டுமானம். ராசின், ஹியூகோ ஆகியோரின் செய்யுள் நாடகங்கள் 12 அசை கொண்ட வரிகளால் ஆனவை. ஆறாவது அசைக்குப் பின் ஒரு நிறுத்தம். வரிகள் இரண்டிரண்டாக இயைபில் முடியும். இதை ஓதிப் பார்க்கிறவர்கள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் மூன்று. ஒன்று, ஒவ்வொரு வரிக் கடைசியிலும் மூச்சு விடுவது. வசனம் தாலாட்டாகிவிடும். இரண்டு, பேச்சு வழக்கில் விழுங்கிவிடும் மெல்லொலிகளைச் செய்யுளிலும் விழுங்குவது. பன்னிரண்டு பதினொன்றாகிவிடும், தாளம் நொண்டும். மூன்று, நடு நிறுத்தத்தில் உண்மையாகவே நின்றுவிடுவது. அங்கே மூச்சு நிற்கக் கூடாது, அழுத்தம் மட்டும் விழ வேண்டும். பெர்னார் நான்கைந்து வரிகளை ஒரே மூச்சோட்டத்தில் கட்டி, பொருள் எங்கே திரும்புகிறதோ அங்கேதான் மூச்சை விடுவார்.

அவருடைய நடிப்பைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு காட்சியைச் சொல்லுங்கள் என்றால்?

ராசினின் 'ஃபேத்ரு', இரண்டாம் அங்கம், ஐந்தாம் காட்சி. 1874 டிசம்பரில் முதன்முதலாக இந்த வேடம் ஏற்றார். கடைசிவரை விடவில்லை.

கதை இதுதான். அரசன் தெசேயின் மனைவி ஃபேத்ருவுக்குக் கணவனின் முதல்தாரத்து மகன் இப்பொலித் மேல் அடக்க முடியாத ஆசை. கணவன் இறந்துவிட்டதாகச் செய்தி. மகனைப் பார்க்க வருகிறாள். தன் கணவனை நினைத்து உருகுவதாகத்தான் பேச்சைத் தொடங்குகிறாள். ஆனால் அவள் விவரிக்கும் கணவன் இளையவனாகிக்கொண்டே போகிறான். கண்ணும் நடையும் பேச்சும் எதிரே நிற்பவனுடையதாகின்றன. கிரீட் தீவின் புதிர்ச்சுற்றுக்குள் கணவனுக்கு நூல்பிடித்து வழிகாட்டியது தன் அக்கா அரியான். அந்த இடத்தில் நான் உன்னோடு இறங்கியிருப்பேன் என்கிற வரை வந்துவிடுகிறாள். இளவரசன் திடுக்கிட்டுக் கேட்டதும் ஒரு கணம் பின்வாங்குகிறாள். அடுத்த நொடியில் 'நீங்கள்' போய் 'நீ' வந்துவிடுகிறது. அதன் பிறகு மறைக்க ஒன்றுமில்லை. அவன் வாளையே உருவித் தன் உயிரை மாய்க்கப் பார்க்கிறாள்.

இந்தக் காட்சியை வெறியாக நடிப்பது சுலபம். ரெனியே என்ற மூத்த நடிகர் பெர்னாருக்குச் சொன்ன அறிவுரை: குரலைக் கட்டாயப்படுத்தாதே, பாத்திரத்தை ஆத்திரத்தின் பக்கம் தள்ளாமல் துயரத்தின் பக்கம் தள்ளு. முந்தைய தலைமுறையின் மாபெரும் நடிகை ரஷேல் இதே வேடத்தில் நெருப்பாக நின்றவர். ரஷேலோடு போட்டிபோடும் உடலும் குரலும் தனக்கில்லை என்று தெரிந்து, பெர்னார் ஃபேத்ருவை நோயாளியாக, கனவில் பேசுகிறவளாக ஆக்கினார். பலவீனத்தை முறையாக்கிக்கொண்ட சாமர்த்தியம் இது. அவருடைய கலை முழுவதற்கும் இதுவே அடித்தளம் என்பது எங்கள் கருத்து.

இதே காட்சி கைநழுவியதும் உண்டு. 1879 ஜூனில் லண்டன் கெய்ட்டி அரங்கில் இந்த அங்கத்தை மட்டும் நடித்தார். பதற்றத்தில் முதல் வரியையே மிக உயர்ந்த சுருதியில் எடுத்துவிட்டார். ஒற்றைச் சுருதியில் ஓடும் முறையில் இதுதான் ஆபத்து: எடுத்த இடத்திலிருந்து இறங்க வழியில்லை, இறங்கினால் உடைவது எல்லோருக்கும் தெரியும். முழுக் காட்சியையும் அந்த உயரத்திலேயே தாங்கி முடித்தார். லண்டன் கூட்டம் கொண்டாடியது. அவர் சக்தியெல்லாம் போய்ச் சரிந்தார்.

உடல்மொழியில் அவருக்கென்று தனி முறை இருந்ததா?

ஒடிசலான உடம்பு அன்று கேலிக்குரியது. பத்திரிகைகள் அவரைக் குச்சியாகவும் துடைப்பமாகவும் வரைந்தன. அவர் அதை மறைக்கவில்லை. உயர்ந்த கழுத்துப்பட்டை, மணிக்கட்டைத் தாண்டும் கைகள், இடைக்குக் கீழே தொங்கும் கச்சை, காலைச் சுற்றி வளைந்து கிடக்கும் நீண்ட பின்னாடை என்று தானே ஓர் உருவத்தை அமைத்துக்கொண்டார். நிற்கும்போது பாதம் ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம் என உடல் சுருளாகத் திரும்பியிருக்கும். 1876-இல் ஜார்ஜ் கிளேரன் வரைந்த பெரிய ஓவியத்தில் வெள்ளைப் பட்டோடு சாய்ந்திருப்பதும் இந்தச் சுருள்தான்.

சைகை சொல்லுக்கு முன்னால் வரும். முதலில் கண், பிறகு கை, கடைசியில் வாய். மொழி தெரியாத ஊர்களில் அவர் பிழைத்தது இதனால்தான். உலகம் முழுக்கப் பிரெஞ்சில் மட்டுமே நடித்தார். மொழிபெயர்த்த வசனப் புத்தகத்தை வாசலில் விற்பார்கள். ஆனால் யாரும் இரண்டரை மணி நேரம் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாதே!

மரணக் காட்சிகளுக்குப் பெயர் பெற்றவர் என்கிறார்களே, அதில் என்ன விசேஷம்?

அவருடைய பெரிய வேடங்களில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் கதாநாயகி சாகிறாள். விஷம், காசநோய், கத்தி, குதித்தல் என்று வகை வகையாக. ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம் வைத்திருந்தார். அதிகம் பேசப்பட்டது இளைய தூமாவின் 'கமேலியாச் சீமாட்டி'. காசநோயில் மார்கரீத் சாகும் காட்சி. 1911-இல் எடுத்த மௌனப் படத்தில் இதைப் பார்க்கலாம்.

படுக்கையில் சாவதுதான் வழக்கம். பெர்னாரின் மார்கரீத் நின்றபடி சாகிறாள். நாடகத்தில் அவளுடைய கடைசிப் பேச்சு வலி போய்விட்டது, உயிர் திரும்புகிறது என்பதுதான். எனவே அவள் எழுந்து நிற்பது வசனத்தோடு ஒட்டுகிறது. காதலன் ஆர்மானைத் தழுவி நிற்கிறாள். முகம் அவன் தோளுக்குப் பின்னால், கை மட்டும் நமக்குத் தெரிகிறது. கையில் கைக்குட்டை. அது விழுகிறது. கை தளர்கிறது. செய்தி நமக்கு முதலில் தெரிந்துவிட்டது, அணைத்திருப்பவனுக்கு இன்னும் தெரியாது. அவன் முகத்தைப் பார்க்கப் பிடியைத் தளர்த்த, உடல் அப்படியே சுழன்று தரையில் சரிகிறது.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். எடை முழுவதும் ஒரு காலில் இருக்க வேண்டும், அதுதான் சுழலும் அச்சு. முழங்கால் முதலில் மடங்கினால் உட்காருவதுபோல் தெரியும். இடுப்பு திரும்பிய பிறகே மடங்க வேண்டும். கைக்குட்டைக்கும் கை தளர்வதற்கும் நடுவே ஒரு முழு மூச்சு இடைவெளி இல்லையென்றால் பின்வரிசைக்கு இரண்டும் ஒன்றாகிவிடும். பெரும்பாலும் காட்சியைக் கெடுப்பது ஆர்மானாக நடிப்பவர்தான். அவர் முந்திக்கொண்டு பிடியை விட்டால் வழுக்கி விழுந்ததுபோல் ஆகும், கூட்டம் சிரிக்கும்.

கொமேதி ஃப்ரான்சேஸை ஏன் விட்டார்? அவ்வளவு பெரிய இடமாயிற்றே.

1875-இல் அங்கே பங்குரிமை கொண்ட நடிகரானார். பங்கு என்றால் லாபத்தில் பங்கு, ஓய்வூதியம், கூடவே பல ஆண்டுகளுக்குக் கட்டுப்பாடு. வெளியூர் ஆட்டம், சொந்த நாடகத் தேர்வு எதற்கும் அனுமதி வேண்டும். 1879 லண்டன் பயணத்தில் தன் பெயருக்கு மட்டும் எவ்வளவு வசூல் வரும் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டார். 1880 ஏப்ரலில் போதிய ஒத்திகையில்லாமல் ஒரு நாடகத்தில் தள்ளப்பட்டு மோசமான விமர்சனம் வாங்கியதும் ராஜினாமா. நீதிமன்றம் 1,00,000 பிராங்க் இழப்பீடு விதித்தது.

அதே ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி நியூயார்க் பூத் அரங்கில் மேடையேறினார். ஓர் ஆட்டத்துக்கு 1,000 டாலர், அதற்குமேல் வசூலில் பங்கு, கையில் ரொக்கம். ஐம்பதுக்கு மேற்பட்ட ஊர்கள், நூற்றைம்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள். எட்டு நாடகங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஊருக்கு ஏற்ப மாற்றுவார். அமெரிக்காவில் எப்போதும் கூட்டம் கேட்டது 'கமேலியாச் சீமாட்டி'தான். ஒழுக்கக்கேடு என்று பிரசங்கம் செய்த பாதிரிமார்கள் விளம்பரச் செலவை மிச்சப்படுத்திக் கொடுத்தார்கள். 1906-இல் அமெரிக்க அரங்குகளைக் கையில் வைத்திருந்த கூட்டமைப்பு இடம் தர மறுத்தபோது டெக்சாஸில் பெரிய கூடாரம் அடித்து நடித்தார். சர்க்கஸ் கொட்டகை போன்ற இடத்தில் ஃபேத்ருவின் முணுமுணுப்பு எங்கே கேட்கும்? அதனால் கூடாரத்துக்குப் பெரும்பாலும் 'கமேலியா'.

சார்தூவின் நாடகங்களை இலக்கியவாதிகள் மதிப்பதில்லை. அவற்றில் ஏன் காலத்தை வீணாக்கினார்?

வீணாக்கவில்லை, பிழைத்தார். விக்டோரியன் சார்தூ அவர் உடலுக்கும் குரலுக்கும் அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தார்: 'ஃபெதோரா' (1882), 'தியோதோரா' (1884), 'லா தோஸ்கா' (1887), 'கிளியோபாத்ரா' (1890), 'ஜிஸ்மோந்தா' (1894). எல்லாவற்றிலும் தாமதித்த நுழைவு, ஒரு மயக்கும் காட்சி, ஒரு சீற்றக் காட்சி, ஒரு சாவு. 'ஃபெதோரா'வில் அவர் அணிந்த மென்மையான தொப்பிதான் இன்றும் அந்தப் பெயரோடு உலவுகிறது. 'தோஸ்கா'வைப் புச்சினி 1900-இல் இசை நாடகமாக்கினார். நாடகம் மேடையிலிருந்து மறைந்துவிட்டது, இசை நாடகம் வாழ்கிறது.

படிக்கும்போது இந்த நாடகங்கள் சப்பென்று இருக்கும். அவற்றை இசைக்குறிப்புபோல எடுத்துக்கொள்ள வேண்டும். வசனத்துக்கு நடுவே 'அவள் கத்தியைப் பார்க்கிறாள்' என்கிற மேடைக்குறிப்பில்தான் ஆட்டம் இருக்கிறது. 'தோஸ்கா'வில் காவல்துறைத் தலைவன் ஸ்கார்ப்பியாவைக் குத்திய பிறகு பிணத்தருகே மெழுகுவத்திகளை வைத்து, மார்பில் சிலுவையை வைக்கும் பேச்சில்லாத பகுதியைப் பாருங்கள்.

ஆண் வேடங்கள் ஏன்? வெறும் பரபரப்புக்கா?

நம் மேடை வழக்கில் சொன்னால் ராஜபார்ட்டும் அவருக்குக் கைவந்ததே. ஜானெட்டோவில் தொடங்கி முஸ்ஸேயின் 'லொரென்சாச்சியோ' (1896), 'ஹாம்லெட்' (1899), ரொஸ்தானின் 'லெக்லோன்' (1900) வரை. கடைசி நாடகத்தில் நெப்போலியனின் மகனாக நடித்தபோது அவருக்கு வயது 55, பாத்திரம் 21 வயதில் இறந்துபோன இளைஞன். பெரும் வெற்றி.

அவர் தேர்ந்தெடுத்த ஆண்களைக் கவனித்தால் காரணம் புரியும். எல்லோரும் இளைஞர்கள், மனம் முதிர்ந்து உடல் பலவீனப்பட்டவர்கள், எண்ணத்தால் அலைக்கழிக்கப்படுகிறவர்கள். தளபதியாகவோ அரசனாகவோ அவர் நடிக்க விரும்பவில்லை. இன்னொரு காரணம் வெளிப்படையானது: ஐம்பதைத் தாண்டிய நடிகைக்கு அம்மா வேடம்தான் கொடுப்பார்கள். அதைவிட ஹாம்லெட் மேல்.

'ஹாம்லெட்'டை அதுவரை பிரெஞ்சு மேடையில் வெட்டியும் ஒட்டியும் செய்யுளாக்கியே நடித்து வந்தார்கள். பெர்னார் அதை மோரான், ஷ்வாப் என்ற இரு எழுத்தாளர்களைக் கொண்டு உரைநடையில் புதிதாக மொழிபெயர்க்க வைத்தார். அவருடைய ஹாம்லெட் மனச்சோர்வால் முடங்கிக் கிடப்பவன் இல்லை. சுறுசுறுப்பானவன், கேலிக்காரன். ஆங்கில விமர்சகர்களில் சிலர் முகம் சுளித்தார்கள்.

முகாவின் சுவரொட்டிகளுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

'ஜிஸ்மோந்தா' மறுபடி மேடையேற இருந்தபோது, 1894 டிசம்பர் கடைசியில், அவசரமாக ஒரு சுவரொட்டி தேவைப்பட்டது. லெமெர்சியே அச்சகத்தில் விடுமுறைக் காலத்தில் கைக்குக் கிடைத்த ஓவியர், அதிகம் அறியப்படாத செக் நாட்டுக்காரர் அல்போன்ஸ் முகா. 1895 ஜனவரி தொடக்கத்தில் பாரீஸ் சுவர்களில் ஏறிய அந்தத் தாள் 2 மீட்டருக்கு மேல் உயரம், முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலம். ஆளுயர உருவம், தலையில் பூச்சரம், கையில் குருத்தோலை, பின்னால் பைசாந்திய மொசைக் வளைவு, மங்கிய நிறங்கள். சிவப்பும் மஞ்சளும் அலறிக்கொண்டிருந்த அன்றைய சுவர்களில் இது தனியாகத் தெரிந்தது. மக்கள் கிழித்துக்கொண்டு போனார்கள். பெர்னார் உடனே ஆறு ஆண்டு ஒப்பந்தம் போட்டார். சுவரொட்டியோடு நிற்காமல் உடை, நகை, அரங்க அமைப்பு வரை முகா செய்தார். 'மெதே' சுவரொட்டியில் வரைந்த பாம்பு வளையலைப் பார்த்து, ஃபூக்கே என்ற நகை வியாபாரியிடம் நிஜமாகவே செய்து வாங்கிக்கொண்டார்.

சுவரொட்டி வாங்குகிறவர்களுக்கு: பழைய பிரதி கல்லச்சில் எடுத்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் பென்சில் தேய்த்ததுபோன்ற ஒழுங்கற்ற மணல் தன்மை தெரியும். வரிசை தப்பாத சிறு புள்ளிகள் தெரிந்தால் அது பின்னாளைய ஆஃப்செட் மறுபதிப்பு. சட்டம் போட்ட பிறகு இதைச் சோதிக்க முடியாது, அதற்கு முன்பே பாருங்கள்.

அவருடைய சொந்த அரங்கம் இன்றும் இருக்கிறதா?

இருக்கிறது. பாரீஸ் ஷாத்லே சதுக்கத்தில். 1899-இல் நகராட்சியிடம் நீண்ட குத்தகைக்கு எடுத்துத் தன் பெயரைச் சூட்டினார். வழக்கமான சிவப்பை நீக்கி மஞ்சள் வெல்வெட் போட்டார். மின்விளக்கு, பல அறைகள் கொண்ட ஒப்பனைக்கூடம். ஜெர்மானியர் பாரீஸைப் பிடித்திருந்தபோது யூதப் பெயர் என்று அதை அழித்தார்கள். பின்னாளில் நகர அரங்கம், அதாவது தெயாத்ர் த லா வில் ஆயிற்று. 2023-இல் பழுதுபார்ப்பு முடிந்து திறந்தபோது சாரா பெர்னார் பெயரும் சேர்ந்துகொண்டது.

நடிகையாக அவர் சம்பாதித்ததை நிர்வாகியாக இழந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 1893 முதல் நடத்திய ரெனேசான்ஸ் அரங்கில் புது எழுத்தாளர்களுக்குத் தாராளமாகச் செலவழித்து நட்டப்பட்டார். பள்ளம் விழும்போதெல்லாம் அமெரிக்கப் பயணம்.

இந்தியாவோடு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, சின்னதாக. 1894-இல் 'இஸேல்' என்ற நாடகத்தில் நடித்தார். புத்தரை மயக்க வந்து மனம் மாறும் கணிகை வேடம். 1896 தொடக்கத்தில் நியூயார்க்கில் இதைப் பார்க்க விவேகானந்தர் போயிருந்தார். அவையில் அவரைக் கவனித்த பெர்னார் சந்திக்க விரும்பினார். அந்தச் சந்திப்பில் மின்பொறியாளர் டெஸ்லாவும் இருந்தார். விவேகானந்தர் கடிதத்தில் நாடகத்தைப் பிரெஞ்சு மயமான புத்த சரிதம் என்று சற்றே புன்சிரிப்போடு குறிப்பிடுகிறார். ஆனால் மேடையில் இந்தியத் தெருவை உருவாக்க பெர்னார் அருங்காட்சியகங்களில் அலைந்து தகவல் திரட்டியதைப் பின்னர் பாராட்டியும் எழுதியிருக்கிறார்.

இத்தாலிய நடிகை எலியோனொரா தூசேயோடு போட்டி?

1895 ஜூனில் லண்டனில் இருவரும் சில நாள் இடைவெளியில் 'மக்தா' என்ற ஒரே பாத்திரத்தில் நடித்தார்கள். பெர்னார்ட் ஷா தூசேயின் பக்கம். ஒப்பனையில்லாத முகம் மேடையில் உண்மையாகவே சிவந்தது என்று எழுதினார். அந்தக் கட்டுரைதான் இன்றுவரை பெர்னாரைச் 'செயற்கை' என்று முத்திரை குத்துகிறது. நவீன குடும்ப நாடகம் தூசேயின் களம். அதே இருவரையும் ராசினில் நிறுத்தியிருந்தால் கட்டுரை வேறு மாதிரி வந்திருக்கும்.

கால் போனது எப்படி? மரக்காலோடு நடித்தாரா?

வலது முழங்காலில் நாள்பட்ட கோளாறு. 1905-இல் ரியோ டி ஜெனிரோவில் 'தோஸ்கா' கடைசிக் காட்சியில் கோட்டைச் சுவரிலிருந்து குதித்தபோது, மறைவில் இருக்க வேண்டிய மெத்தை சரியாக இல்லாமல் அடிபட்டது நிலைமையை மோசமாக்கியது. 1915 பிப்ரவரி 22-இல் போர்தோ நகரில் முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். வயது 70.

மரக்காலைக் கட்டிப் பார்த்துவிட்டுத் தூக்கி எறிந்தார். சக்கர நாற்காலியும் பிடிக்கவில்லை. இரண்டு பேர் தூக்கும் பல்லக்கு நாற்காலியில்தான் போய்வந்தார், போர்முனையில் சிப்பாய்களுக்கு நடிக்கப்போனதும் அதில்தான். ஆகவே 'மரக்கால் நடிகை' என்பது கட்டுக்கதை. வெட்டிய காலை சர்க்கஸ்காரர் பார்னம் விலைக்குக் கேட்டார் என்பது அதைவிடப் பெரிய கதை. பார்னம் 1891-லேயே இறந்துவிட்டார்.

மேடையில் என்ன செய்தார்? திரை உயரும்போதே அமர்ந்தோ சாய்ந்தோ இருப்பார். காட்சி முடிந்து திரை விழுந்த பிறகே இடம் மாறுவார். நிற்க வேண்டிய கணத்தில் மேசை, நாற்காலி முதுகு, சக நடிகரின் கை. வேடங்களையும் அதற்கேற்பத் தேர்ந்தார்: 1920-இல் 'அத்தாலி'யில் அரசி சுமந்து வரப்படுவது பொருத்தமாகவே இருந்தது, 'தானியேல்' நாடகத்தில் போதைக்கு அடிமையான இளைஞன் நாற்காலியை விட்டு எழ வேண்டியதில்லை. 1923 மார்ச் 26-இல் இறக்கும் முன், பாரீஸ் வீட்டிலேயே ஒரு படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது.

சவப்பெட்டிப் படம் உண்மையா?

உண்மை. பட்டு விரித்த பெட்டி அவரிடம் இருந்தது. அதில் கண்மூடிப் படுத்துப் புகைப்படம் எடுத்தார். அந்தப் படம் அட்டையாக விற்றது. லிவர்பூலில் சிறுத்தை வாங்கியது, 1878 பாரீஸ் உலகக் கண்காட்சியில் பலூனில் பறந்து அதைப் புத்தகமாக எழுதியது எல்லாம் நடந்தவை. எதிலும் படப்பெட்டிக்காரர் அல்லது பத்திரிகைக்காரர் பக்கத்தில் இருப்பார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் சிற்பக்கலையை விளம்பரத்தில் சேர்க்க வேண்டாம். முறையாகப் பயின்றார். இறந்த பேரனை மடியில் ஏந்திய மூதாட்டியின் சிலை 1876 பாரீஸ் சலோன் கலைக் கண்காட்சியில் பாராட்டுப் பெற்றது.

பழைய படங்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. இதையா கொண்டாடினார்கள்?

பாதிக் குற்றம் வேகத்துடையது. அன்று கையால் சுழற்றி வினாடிக்கு 16 முதல் 18 சட்டகங்கள் வரை எடுத்ததை 24-இல் ஓட்டினால் ஒன்றரை மடங்கு வரை வேகம் கூடும். அளந்து செய்த சைகை பொம்மலாட்டமாகும். வேகக் கட்டுப்பாடு உள்ள இயக்கியில் 0.7 மடங்கில் வைத்துப் பாருங்கள். இரண்டாவது, கேமரா நகராமல் முழு மேடையையும் பார்க்கிறது. அவர் நடிப்பது தூரத்து மாடத்துக்கு. மூன்றாவது, குரல் இல்லாத பெர்னார் பாதிப் பெர்னார்.

பார்க்கும் வரிசை: முதலில் 1900 ஹாம்லெட் வாள் சண்டை, சில நிமிடம்தான். பிறகு 'கமேலியா' கடைசிக் காட்சி. அதன் பிறகு 1912-இன் 'எலிசபெத் ராணி', அதில் ராணி குவித்த மெத்தைகளின் மேல் முகங்குப்புற விழுகிறாள். அந்தப் படத்தின் அமெரிக்க உரிமையை வாங்கி விற்ற அடால்ஃப் சூகோர்தான் பின்னாளில் பாரமவுண்டை வளர்த்தவர்.

ஒலிப்பதிவுக்கு 1910-இல் எடிசன் நிறுவனம் எடுத்த நான்கு நிமிட சிலிண்டர்களிலிருந்து 'ஃபேத்ரு'வைக் கேளுங்கள். மைக் இல்லாத காலம், கூம்புக்குள் பேச வேண்டும், மெல்லிய சுருதி நுணுக்கங்கள் பதியாது. ஹெட்போனில் கேட்பதைவிடச் சிறிய ஒலிபெருக்கியில் கேட்டால் இரைச்சல் தொந்தரவு குறையும். மூலத்தின் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் எங்கே மூச்சு விடுகிறார் என்று கோடு போட்டுக்கொண்டே கேளுங்கள். இரண்டாம் முறையில்தான் காது பிடிபடும்.

பிரான்ஸ் போகிறவர்கள் எதைப் பார்க்கலாம்?

பாரீஸில் பெத்தி பலே அருங்காட்சியகம், கிளேரன் ஓவியம் அங்கே. ஷாத்லேயில் அவருடைய அரங்கம். பேர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் 44-ஆம் பிரிவு. எளிமையான கல்லறை, வரைபடம் இல்லாமல் தேடினால் தாண்டிப் போய்விடுவீர்கள். நேரமிருந்தால் பெல் ஈல் தீவு: கிபரோனிலிருந்து கப்பலில் சுமார் முக்கால் மணி நேரம், அங்கிருந்து வடமேற்கு முனையான புவான்த் தே பூலேனுக்கு வண்டி. 1894-இல் அவர் வாங்கி, கோடைதோறும் தங்கிய பழைய கோட்டை இப்போது காட்சியகம். பருவகாலத்தில் மட்டுமே திறப்பார்கள், கப்பல் சீட்டு எடுப்பதற்கு முன் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். முனையில் காற்று பலம், குடை நிற்காது.